ஆயுத அத்தியாயம்

படார்!

முதல் மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. இரண்டாம் மாடியில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. "சிலிண்டரா? யார் வீட்டு சிலிண்டர்?" என்று கத்திக்கொண்டே பனியனோடு ஒருவர் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி வந்தார்.

படார்!

கார் நிறுத்தும் இடத்தின் மூலையில், சுவரில் சாய்த்து வைத்த ஒரு பழைய மரக் கதவின் முன்னால், கையில் கோடாலியோடு இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை, லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊரில் உள்ள உயரமான கட்டிடங்களில் எல்லாம் ஏறி இறங்கி, கம்பி தாங்குமா, பிரேக் பிடிக்குமா, எத்தனை பேர் ஏறலாம் என்று பார்த்துச் சான்று கொடுப்பவர்.

"என்ன சார், சாவி தொலைஞ்சு போச்சா?" என்றார் பனியன்காரர்.

"இல்ல. இது எங்க வீட்டுக் கதவு இல்ல."

பனியன்காரர் இரண்டடி பின்னால் போனார்.

"பழைய மரக்கடையில வாங்கினது சார். கோடாலிக்கு எத்தன வெட்டு தாங்குதுன்னு பார்க்கிறேன். அஞ்சுன்னு எழுதி வெச்சிருந்தேன். ஏழு ஆகுது. நல்ல வேளை, பார்த்தேன்."

"எதுக்கு சார் பார்க்கணும்?"

"விளையாட்டுக்கு."

பனியன்காரர் வந்த வேகத்திலேயே மாடி ஏறினார். இன்ஸ்பெக்டரின் மனைவி அவருக்கு வழிவிட்டு இறங்கி வந்தாள். தெருமுனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். கடை திறக்கக் கிளம்பியவள், தோளில் பையோடு நின்று கதவைப் பார்த்தாள், கோடாலியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

"ஏங்க, இன்னைக்கு என்ன கிழமைன்னு ஞாபகம் இருக்கா?"

"சனி. பத்து மணிக்குக் கடைக்காரம்மாகிட்ட போகணும். அதுக்குள்ள கதவு அட்டவணையத் திருத்திடுவேன்."

"அந்த அத்தியாயத்துல இன்னும் திருத்த என்ன இருக்கு? எழுதினதே முப்பது பக்கத்துக்கு மேல போயிடுச்சு."

"ஒரு கதவு எத்தன வெட்டு தாங்கும்னு தப்பா எழுதினா, அந்த ஆட்டத்த யார் நம்புவாங்க?"

அவள் பெருமூச்சு விட்டாள். கடையில் நாள் முழுக்க மனிதர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பவள். வீட்டில் அதே கேள்வியைப் பல தடவை கேட்டுவிட்டாள்.

அவர் எழுதியது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, "நான் சுவர் ஏறிக் குதிக்கிறேன்", "நான் திருடனோடு சண்டை போடுகிறேன்" என்பார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இப்படி ஒரு ஆட்டத்தைப் பல வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து இன்ஸ்பெக்டர் உருவாக்கியிருந்தார். கதை நன்றாக இருந்தது, வேடங்கள் நன்றாக இருந்தன. ஆயுத அத்தியாயம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. ஈட்டிக்கு ஒரு அட்டவணை. குறுகலான இடத்தில் ஈட்டிக்கு இன்னொன்று. மழையில் நனைந்த வில்லுக்கு ஒன்று. கை வியர்த்தால் வாள் வழுக்குமா என்பதற்கு ஒன்று.

அந்த நனைந்த வில்தான் வீட்டில் புயலைக் கிளப்பியது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் முதல் ஆள் அவளுடைய தம்பி. நீச்சல் குளத்தில் பயிற்சியாளன். கரையில் நின்று கத்திக் கத்தி, சாதாரணமாகப் பேசினாலே தெருவுக்குக் கேட்கும் குரல். போன மழைக்காலத்தில் ஒருநாள், அவன் ஒரே ஒரு அம்பு விடுகிறேன் என்றான். இன்ஸ்பெக்டர் நனைந்த நாணுக்குக் கழித்தார், எதிர்க்காற்றுக்குக் கழித்தார், அது மேட்டிலிருந்து விடும் அம்பா என்று கேட்டு, கோணம் பார்க்கப் பக்கத்தைத் திருப்பினார்.

"மாமா, நீங்க கணக்கு போட்டு முடிக்கிறதுக்குள்ள அந்த வில்லனுக்குப் பேரப்பிள்ளை பிறந்துடும்" என்றான் அவன்.

"இத விளையாட்டா எடுத்துக்காத."

"விளையாட்டுதானே மாமா இது! வேற என்னவா எடுத்துக்கிறது?"

வார்த்தை வளர்ந்தது. "உனக்குப் பொறுமை இல்லேன்னா எழுந்து போ" என்றார் அவர். அவன் எழுந்து போனான். போனவன் வீட்டுப் பக்கமே வரவில்லை. அக்காவுக்கு மட்டும் போன் பண்ணுவான். பேசும்போது "அவர் எப்படி இருக்கார்?" என்பான். முன்பெல்லாம் "மாமா எங்க?" என்றுதான் கேட்பான்.

மற்ற இரண்டு நண்பர்களும் ஒவ்வொருவராக ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆட ஆள் இல்லாமல் போனபின் அத்தியாயம் இன்னும் வேகமாக வளர்ந்தது.

"கோடாலிய உள்ள வெச்சுட்டுக் கிளம்புங்க" என்றாள் மனைவி. "நானும் வர்றேன். கடைய மத்தியானம் திறந்துக்கலாம்."

"நீ எதுக்கு?"

"உங்க வாயப் பொத்த ஒரு ஆள் வேண்டாமா?"

அது கிண்டல் இல்லை. கடைக்காரம்மாவின் சட்டம் அப்படி.

கடைத்தெருவில், துணி தைக்கும் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த விளையாட்டுக் கடை. சுவர் முழுக்க அட்டைப்பெட்டிகள். நடுவில் ஒரு பெரிய மேசை, நாலு நாற்காலி. கடைக்காரம்மா ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தில் அளவு நாடா மாதிரி எப்போதும் ஒரு கண்ணாடிச் சங்கிலி. பிடித்த ஆட்டத்தைத் தானே பெட்டி போட்டு, வெளியூர்க் கடைகளுக்கும் அனுப்புவார். அவர் பெட்டி போட்டால் ஆட்டம் பிழைத்தது என்று அர்த்தம்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு பரீட்சை. ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத நாலு பேர், புத்தகத்தைப் படித்து, அவர்களாகவே ஆட வேண்டும். எழுதியவர் ஓரத்து முக்காலியில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அங்கேயே பரீட்சை முடிந்தது. முன்பு ஒருவன் தன் சிநேகிதர்களையே முன்பின் தெரியாதவர்கள் மாதிரி உட்காரவைத்து ஆடிக் காட்டினான். அம்மா நம்பிப் பெட்டி போட்டார். வாங்கியவர்களுக்கு ஆடத் தெரியவில்லை. அத்தனையும் திரும்பி வந்தது.

"அதிலேர்ந்து ஒரே பேச்சுதான்" என்றார் அவர், இன்ஸ்பெக்டரிடம். "ஆட்டம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் மேசையில இருந்தாலும், அந்த ஆட்டம் மறுபடி இந்தப் படி ஏறாது. சரிதானே?"

"சரிங்கம்மா."

"ரெண்டாவது தடவையெல்லாம் கிடையாது."

"தெரியுங்கம்மா."

மேசையில் மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நர்ஸ், ஒரு பஸ் டிரைவர், ஒரு கல்லூரி மாணவி. கதையை நடத்துவது மாணவி என்று முடிவானது. நாலாவது நாற்காலி காலி. வர வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது.

"மூணு பேர வெச்சு நான் பார்க்கிறதில்ல" என்றார் கடைக்காரம்மா. "இன்னொரு நாள் பார்க்கலாம்னா, அடுத்த வருஷம் வரைக்கும் மேசை காலி இல்ல."

இன்ஸ்பெக்டரின் முகம் விழுந்தது. அப்போது படிக்கட்டில் யாரோ இரண்டிரண்டு படியாக ஏறி வரும் சத்தம் கேட்டது.

"அம்மா, என் பகடை வந்துடுச்சா?" என்ற குரல் முதலில் வந்தது, ஆள் பின்னால் வந்தான்.

மச்சான்.

அவன் அக்காவைப் பார்த்தான். பக்கத்தில் முக்காலியைப் பார்த்தான். மேசை மேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்தான்.

"நல்ல நேரத்துல வந்தே!" என்றார் கடைக்காரம்மா. "உக்காரு. புது ஆட்டம், ஒரு ஆள் குறையுது. நீ இல்லேன்னா இவங்கள அனுப்பிட வேண்டியதுதான். இத முன்னாடி பார்த்திருக்கியா?"

அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவன் முக்காலியின் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லம்மா. தெரியாது."

"முக்காலியில இருக்கிறவர?"

"யாரு? அவரா? எங்கேயோ லிஃப்ட்ல பார்த்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு நாலாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். மனைவியின் செருப்பு அவர் பாதத்தின் மேல் ஏறியது.

"அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் பல்லுக்கிடையில்.

கதை எளிமையானது. ஆற்றங்கரையில் ஒரு மாவு ஆலை. உள்ளே திருடர்கள் ஒரு வைத்தியரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மூன்று பேரும் போய் மீட்க வேண்டும். ஆலை வாசல் வரை ஆட்டம் ஜோராகப் போயிற்று. பஸ் டிரைவர் ஈட்டிக்காரன், நர்ஸ் வாள்காரி, மச்சான் வில்லாளி. காவலுக்கு நின்ற திருடனிடம் நர்ஸ் பொய் சொல்லி, அவனையே வழிகாட்ட வைத்தபோது கடைக்காரம்மா கூடச் சிரித்தார்.

பிறகு சண்டை வந்தது. மாணவி ஆயுத அத்தியாயத்தைத் திறந்தாள்.

"படிக்கட்டு குறுகலா இருக்கு. அதனால ஈட்டிக்கு... இருங்க. எட்டாம் அட்டவணை. இல்ல, ஒன்பது. உங்க ஈட்டி நீளம் எவ்ளோ?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டிரைவர்.

"நாலாம் அட்டவணையில இருக்காம். நீளம் பார்த்து, படிக்கட்டு அகலத்தால..."

"பாப்பா, நான் பத்து வருஷமா நீளமான பஸ்ஸக் குறுகலான தெருவுல ஓட்டுறேன். இவ்ளோ கணக்கு பார்த்ததில்ல."

நர்ஸ் வாளை வீசினாள். பட்டது. எங்கே பட்டது என்று ஒரு பகடை. எவ்வளவு ஆழம் என்று ஒரு பகடை. ரத்தம் நிற்குமா என்று ஒரு பகடை.

"லீவு நாள்ல இங்க வந்தது இதுக்குத்தானா?" என்றாள் அவள். "இத நான் தினமும் ஆஸ்பத்திரியில பார்த்துட்டுதான் வர்றேன்."

அடுத்தது மச்சான். அவன் வில்லை எடுக்கவில்லை. "நான் பொறுத்திருக்கேன்" என்றான் மெதுவாக. அவன் மெதுவாகப் பேசி இன்ஸ்பெக்டர் கேட்டதே இல்லை.

கதவு விஷயத்தைக் கிளப்பியது டிரைவர்தான். புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டியவர், நிமிர்ந்து, "இங்க பாருங்க! திருடன் போட்டிருக்கிற இரும்புக் கவசத்த விட இந்த ஆலைக் கதவு பலமாம். ஏழு வெட்டு தாங்குமாம். ரெண்டு பேர் சேர்ந்தா தூக்கலாமாம். அப்ப நான் கதவக் கழட்டுறேன்" என்றார்.

"கழட்டி?"

"முன்னாடி பிடிச்சுக்கிட்டு நடக்கிறேன். நர்ஸம்மா, அந்தப் பக்கம் பிடிங்க."

மாணவி முன்னும் பின்னும் தேடினாள். தடுக்க ஒரு விதியும் இல்லை. கதவு நடந்தது. திருடர்கள் வெட்டினார்கள், கதவு தாங்கியது. ஒவ்வொரு வெட்டுக்கும் மரத்தில் எவ்வளவு சேதம் என்று கணக்கு. இன்ஸ்பெக்டர் வியர்த்தார். காலையில் வெட்டி அளந்த கதவு. அது எழுந்து நடந்தால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவே இல்லை. எல்லாக் கணக்கும் சரி, ஆனாலும் ஆலைக்குள் நடப்பது ஒன்றையும் நம்ப முடியவில்லை.

டிரைவர் கொட்டாவி விட்டார். கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் நல்ல சகுனம் இல்லை என்று அந்தக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும்.

"எனக்கு வாள் வேண்டாம்" என்றாள் நர்ஸ் திடீரென்று. "கீழ போட்டுட்டேன். இது மாவு ஆலைதானே? மூட்டை இருக்கும்ல? மூட்டையால அடிக்கலாமா?"

மாணவி கடைசிப் பக்கத்துக்குப் போனாள். எல்லா அட்டவணையும் முடிந்தபின், அடியில், இடம் மிச்சம் இருந்ததால் போட்டது போல ஒரு பத்தி.

"'கைக்குக் கிடைத்தது'ன்னு ஒண்ணு இருக்கு" என்று வாசித்தாள். "'எதை எடுத்து என்ன செய்கிறாய் என்று சொல். மேசையில் இருப்பவர்கள் நம்பினால் அதுதான் ஆயுதம். பகடையை உருட்டு.'"

"அப்புறம்?"

"அவ்ளோதான். வேற ஒண்ணுமே இல்ல."

மச்சான் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் மூட்டையக் கிழிச்சு மாடியிலேர்ந்து கொட்டுறேன்" என்றாள் நர்ஸ். "அவனுங்க கண்ணுல மாவு. நம்புறீங்களா?"

"நம்புறேன்" என்றார் டிரைவர்.

"நானும்" என்றாள் மாணவி. பகடை உருண்டது. திருடர்கள் இருமினார்கள். டிரைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"எனக்கு ஈட்டி வேண்டாம். ஆலையில மூட்டை தூக்கக் கயிறும் கொக்கியும் தொங்கும். அதுல கதவ மாட்டி ஊஞ்சல் மாதிரி வீசி விடறேன்!"

"கதவு கனம். கயிறு தாங்குமா?" என்று கேட்டாள் மாணவி.

"மாவு மூட்டையத் தாங்குற கயிறு கதவத் தாங்காதா?"

"சரி, தாங்கும். நம்புறேன்."

இன்ஸ்பெக்டர் உதட்டைக் கடித்தார். கயிறு தாங்குமா என்பதுதான் அவர் பிழைப்பே. தாங்கும் என்று அவருக்கும் தோன்றியது. அட்டவணை இல்லாமலே தோன்றியது.

அடுத்த நிமிடம் அவருக்கு உண்மையான கண்டம் வந்தது. ஆலைக்குள் விளக்கு எரிகிறது. காற்று முழுக்க மாவுத்தூள். அந்தத் தூள் விளக்கில் பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். யாரும் அதைச் சொல்லவில்லை. அவர் முக்காலியில் நெளிந்தார், கையைப் பாதி தூக்கினார். மனைவி அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் மாணவி, கண்ணை இடுக்கிக்கொண்டு. "விளக்கு எரியுதில்ல? இவ்ளோ மாவு பறக்குது. பிடிச்சுக்கும்ல?"

"ஐயோ, ஆமா!" என்றாள் நர்ஸ். "எங்க ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு கேஸ் வந்திருக்கு."

"வைத்தியர் உள்ள இருக்கார்!" என்று கத்தினார் டிரைவர். எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவன் ஒருவன்தான் இன்னும் ஒன்றும் செய்யாமல் இருந்தான்.

அவன் மேசையில் கை ஊன்றி எழுந்தான். அடக்கி வைத்திருந்த நீச்சல்குளக் குரல் மேலே வந்தது.

"ஆலை ஆத்தங்கரையில இருக்கு. தண்ணிச் சக்கரத்துக்கு மேல ஜன்னல் இருக்கும். வைத்தியர இடுப்புல பிடிச்சுக்கிட்டு ஜன்னல் வழியா ஆத்துல குதிக்கிறேன். எனக்கு நீந்தத் தெரியும். நம்புறீங்களா?"

"நம்புறோம்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். பகடை மேசையிலிருந்து குதித்துத் தரையில் ஓடி, கடைக்காரம்மாவின் செருப்பருகே நின்றது. அவர் குனிந்து பார்த்தார்.

"பிழைச்சுட்டார்" என்றார்.

கீழே தையல் கடையிலிருந்து என்ன சத்தம் என்று ஒரு ஆள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். முப்பது பக்கம் புரட்டியும் வராத உயிர், ஒரு பத்தியில் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டருக்கு அது அவமானமாக இருக்கவேண்டும். இல்லை. கொஞ்ச நேரமாகவே அவர் தன்னை மறந்து சிரித்துக்கொண்டிருந்தார். மனைவிதான் கவனித்தாள்.

கடைக்காரம்மா புத்தகத்தை எடுத்துக்கொண்டு முக்காலிக்கு வந்தார்.

"பேசலாம் இப்ப. பரீட்சை முடிஞ்சுது" என்றார். "ஒளிக்காம சொல்றேன். அந்த ஆயுத அத்தியாயத்தத் தூக்கிப் போடுங்க. கதவு நடந்து போகுது, மனுஷன் கொட்டாவி விடறான்."

"ஆமாங்கம்மா. பார்த்தேன்."

"ஆனா இந்தக் கடைசிப் பத்தி இருக்கே..." அவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். "இருபத்தஞ்சு வருஷமா ஆட்டம் விக்கிறேன். இப்படி ஒண்ணு எனக்குக் கிடைச்சதில்ல. அவங்களுக்குத் தெரிஞ்ச உலகத்த அவங்களே கொண்டு வந்து மேசையில வெச்சாங்க. ஆயுதம் மொத்தத்தையும் இதே கையால, இதே மாதிரி, ஒரு பக்கத்துல எழுதிக் கொடுங்க. நான் பெட்டி போடுறேன். வெளியூருக்கும் அனுப்புறேன்."

மனைவி கண்களை மூடித் திறந்தாள். மேசையில் மச்சான் பகடைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. கை மட்டும் நின்றுவிட்டது.

"என்ன யோசனை? எழுதிடுவீங்கல்ல?" என்றார் கடைக்காரம்மா. "முதல்ல எழுதினதும் நீங்கதானே?"

தலையை ஆட்டினால் போதும். மேசையில் இருந்த மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்த ஒருவன், சொல்லவே மாட்டேன் என்பது போல வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முக்காலிப் பக்கம் திரும்பி, "மாமா" என்று உதட்டை மட்டும் அசைத்து, வேண்டாம் என்று மிக லேசாகத் தலை ஆட்டினான்.

இன்ஸ்பெக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் அவர் கையை விட்டாள். அவர் முக்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"இல்லீங்கம்மா, அத எழுதினது என் மச்சான். இந்த ஆட்டமே தெரியாதுன்னு சொல்லிட்டு, காலையிலேர்ந்து உங்க நாலாவது நாற்காலியிலதான் உக்காந்திருக்கான்."